பதின்மூன்றாவது ரிவெட்

ஆர்டித் ஸ்னேவ்லிக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் கிடையாது. அதற்கு அவசியமே வந்ததில்லை என்பது அவள் கட்சி. ஆல்ட்டூனாவில் ஒரு பல் செட் பட்டறையில் வாலிபம் முழுவதும் வேலை பார்த்தவள். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதிச் சிரிப்பு அவள் வார்த்தது. ஒருமுறை லூத்தரன் கோயில் பாஸ்டருக்குப் பிரசங்கத்தின் நடுவே மேல் வரிசைப் பல் நழுவி, 'பரலோகம்' என்று சொல்ல வந்தவர் பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் பட்டறைக்கு வந்து குறைப்பட்டுக்கொண்டார். ஆர்டித் அவர் வாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"பல்லுல ஒரு குத்தமும் இல்ல பாஸ்டர். உங்க வாய்தான் சுருங்கிப்போச்சு" என்றாள்.

பாவம் மனுஷன், தன் வாய்தான் தப்பு செய்துவிட்டது என்று நம்பிக்கொண்டு போனார். ஆர்டித் சொன்னால் யாரும் நம்புவார்கள். அவள் குரல் அப்படி. வானிலை அறிக்கையைக்கூட தான் கொடுத்த உத்தரவு மாதிரிதான் சொல்லுவாள்.

பட்டறையை மூடிய பிறகு அவள் சும்மா உட்காரவில்லை. அவளுக்கு உட்காரத் தெரியாது. சின்ன ரயில் செய்து ஓட்டும் மெர்ல் பர்க்ஹோல்டர் ஒரு நாள் நெருப்புப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவே சட்டைப் பித்தானைவிடச் சின்னதாக ஒரு பிரேக் சக்கரம். பொம்மை ரயில் வேகனுக்கு அவனே கையால் செய்தது. அதைப் பொம்மை என்று இந்த ரயில்காரர்கள் முன்னால் சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வருவார்கள்.

"இது மாதிரி நாப்பது வேணும் ஆர்டித். ஒன்னொன்னா செஞ்சா என் ஆயுசு பத்தாது" என்றான் மெர்ல்.

"பல்லு வார்த்தவளுக்குச் சக்கரம் என்னய்யா பெரிய விஷயம்? வெச்சிட்டுப் போ" என்றாள் அவள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. மெர்ல் ஒன்று செய்வான். அதை மாஸ்டர் என்பார்கள். ஆர்டித் அதை நூறாக்குவாள். பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிச் சின்னதாக ஒரு தொட்டி கட்டுவாள். அதன் தரையில் மாஸ்டரை ஒட்டி, மேலே சிலிக்கோன் ரப்பரை ஊற்றுவாள். ஊற்றுவது என்றால் கவிழ்ப்பது இல்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கிப்பிடித்து, நூல் மாதிரி இழையவிடுவாள். அவ்வளவு மெலிதாக இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் வழியிலேயே உடைந்துபோகும். மறுநாள் ரப்பர் இறுகியதும் மாஸ்டரை உரித்து எடுத்தால் அச்சு தயார். இரண்டு திரவங்களைச் சரிக்குச் சரி கலந்து அந்தப் பள்ளத்தில் விட்டால், தண்ணீர் மாதிரி இருக்கும் ரெசின் கொஞ்ச நேரத்தில் கை பொறுக்கும் சூட்டோடு வெளுத்துக் கல்லாகிவிடும். பிதுக்கி எடு, மறுபடி ஊற்று. அவள் வீட்டு நிலவறையில் குளிர்காலம் முழுக்க இதே வேலைதான். அவளிடமிருந்து சாமான் வாங்கியவர்கள் ஓஹையோவில் இருந்தார்கள், கனடாவில் இருந்தார்கள். யாரும் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை என்று அவளே சொல்லுவாள், கேட்காதவர்களிடமும்.

எங்கள் ஊரில் இந்தச் சின்ன ரயில்காரர்களின் சங்கம் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் கூடும். அந்த வருடம் சங்கத்துக்கு ஒரு ஆசை வந்தது. நூறு நிலக்கரி வேகன்களைக் கோத்து ஒரே ரயிலாக ஓட்டிவிட வேண்டும் என்று. ஒவ்வொரு வேகனுக்கும் அடியில் நிலக்கரி கொட்டும் கதவு நாலு. நானூறு கதவு, ஒவ்வொன்றும் கட்டை விரல் நகம் அளவு. மாஸ்டர் செய்யும் பொறுப்பு மெர்லுக்கு. அவனுக்கு இலையுதிர் காலத்தில்தான் இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் செய்யும் முதல் உருப்படி இது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் ரிவெட்டை, அதாவது இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணியின் தலை போன்ற புடைப்பை, ஒவ்வொன்றாகக் குத்தி எழுப்பினான். ஒரு ரிவெட் என்பது ஒரு ரவைத் துகளில் பாதி. ஆர்டித்திடம் கொண்டுவந்து கொடுக்கும்போது அவன் முகத்தில் பரீட்சை எழுதிவிட்டு வந்தவன் களை இருந்தது.

"நல்லாயிருக்கா பாரு" என்றான்.

"நீ செஞ்சது எப்பய்யா நல்லா இல்லாம இருந்துச்சு?" என்றாள் அவள். அதை அவள் மனதாரச் சொன்னாள்.

நானூறு வேண்டும் என்பதால் ஒரே மாஸ்டரிலிருந்து இரண்டு அச்சு எடுத்தாள். இரண்டாவது அச்சிலிருந்து உரிக்கும்போது மாஸ்டர் நொறுங்கிவிட்டது. அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, மெல்லிய தகட்டு வேலை எப்போதும் அப்படித்தான். வேலை முடிந்த மாஸ்டர் குப்பைக்குத்தான் போகும்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு முதல் டப்பாக் கதவுகளைக் கொண்டுபோனாள். அங்கேதான் ஹார்லன் ஸ்டிஃப்ளர் இருந்தான். அரசாங்கத்தில் இறைச்சி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன்; கண்ணில் எது பட்டாலும் முத்திரை குத்தாமல் விடமாட்டான். ரயில் சங்கம் எதிலும் அப்படி ஒரு ஆள் இருப்பான். ரிவெட் எண்ணி என்று அவனைக் கேலி செய்வார்கள், ஆனால் அவன் பூதக்கண்ணாடியை எடுத்தால் எல்லோரும் தங்கள் சாமானை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார்கள். ஹார்லன் ஒரு கதவை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான்.

"ஆர்டித், இதுல எத்தன ரிவெட்டு?"

"எண்ணத்தானேய்யா உன்னப் பெத்துப் போட்டாங்க. நீயே சொல்லு."

"பதிமூணு."

"சரி, பதிமூணு. அதுக்கென்ன இப்போ?"

"நெஜ வண்டியில பன்னெண்டுதான். போட்டோ எடுத்துட்டு வந்திருக்கேன், பாக்குறியா?"

காப்பிக் கோப்பைகளோடு எல்லோரும் கூடிவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். ஆர்டித்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் யோசனை பின்னால்தான் வரும்.

"இந்தா பாரு ஹார்லன், ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது. உள்ள என்ன போச்சோ அதுதான் வெளிய வரும். என்னக் கேட்டு என்ன பிரயோஜனம்? மாஸ்டர் செஞ்சவனக் கேளு!"

சொன்ன பிறகுதான் மெர்ல் தன் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்தாள். அவன் ஹார்லனிடமிருந்து பூதக்கண்ணாடியை வாங்கி, கதவை விளக்கடியில் பிடித்து, உதடு அசைய எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"பதிமூணுதான்" என்றான். "கண்ணு பண்ணின வேல."

பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் காப்பி அப்படியே மேசையில் இருந்தது.

அன்றைக்கு ஆர்டித் நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தாள். மெர்லை நினைத்துப் பரிதாபப்பட்டாள். வயதானால் யாருக்கும் வருவதுதானே என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். அவளுக்கும் அவனுக்கும் ஒரே வயது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மார்ச் மாதம் மெர்லின் மனைவி நெட்டியிடமிருந்து போன் வந்தது.

"ஆர்டித், அவரு வேல மேசைய காலி பண்ணிட்டாரு."

"பண்ணட்டுமே. அந்த மேசையில தூசி துடைச்சு எத்தன வருஷம் ஆச்சு!"

"வெளையாடாத. இனிமே ஒன்னுமே செய்யப்போறதில்லயாம். எல்லாத்தையும் பொட்டியில போட்டு வெச்சிருக்காரு. சனிக்கிழம பான்கேக் விருந்துல தானம் மேசையில வெச்சிடப் போறாராம்."

"ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பான், அப்புறம் சரியாயிடும்."

"அவரு கத்தினாத்தான் சரியாவாரு. கத்தவே இல்லையே" என்றாள் நெட்டி. அவள் குரல் உடைந்தது. "கார் ஓட்டவும் மாட்டேங்குறாரு. கண்ண நம்பி எப்படி ஓட்டுறதுங்குறாரு. டாக்டர் எல்லாம் சரியா இருக்குன்னு எழுதியே கொடுத்துட்டாரு, அதயும் நம்பல. ஒரு ரிவெட்டுக்கு ஒரு மனுஷன் இப்படி உக்காந்து போவானா ஆர்டித்? நீ சொன்னா கேப்பாரு. வந்து ஒரு வார்த்த சொல்லேன்."

"நான் என்னத்தச் சொல்ல? எண்ணிக்கன்னா எண்ணிக்கதானே நெட்டி."

போனை வைத்தபோது அவளுக்கே தான் பேசியது பிடிக்கவில்லை. பிடிக்காததை மறக்க அவளிடம் ஒரே வழிதான் உண்டு. நிலவறைக்கு இறங்கி வேலை பார்ப்பது. நூறு வேகன் ரயிலுக்கு இன்னும் கதவுகள் பாக்கி இருந்தன. பதின்மூன்று ரிவெட்டானாலும் பரவாயில்லை, வேகனுக்கு அடியில் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று சங்கம் முடிவு செய்திருந்தது. ஹார்லன் மட்டும் அதற்குக் கை தூக்கவில்லை.

அதுவரை கைக்கு வந்த இரண்டாவது அச்சிலேயே வார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது இரண்டு அச்சுகளிலும் ரெசினை விட்டாள். இறுகியதும் பிதுக்கி எடுத்தாள். அச்சிலிருந்து வரும் எதையும் அவள் முதலில் கண்ணால் பார்ப்பதில்லை, கட்டை விரல் நகத்தால் ஒரு தடவை தடவிப் பார்ப்பாள். பல் பட்டறைப் பழக்கம். நாக்குக்கு எது உறுத்துமோ அது நகத்துக்கு முதலில் தெரியும் என்பாள். கையிலிருந்த கதவின் விளிம்பு வரிசையில் நகம் ஓடியது, நின்றது. வழக்கமாக நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது.

விளக்கைக் கிட்டே இழுத்து எண்ணினாள். பன்னிரண்டு.

அது முதல் அச்சிலிருந்து வந்தது. இரண்டாவது அச்சிலிருந்து வந்ததை எடுத்து எண்ணினாள். பதின்மூன்று.

ஒரே மாஸ்டர். ஒரே மெர்ல். ஆர்டித்துக்குக் காது சூடாயிற்று. இரண்டாவது அச்சை விரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். ரிவெட் பதிந்த பள்ளங்கள் எல்லாம் மங்கலாக, லேசாகச் சொரசொரப்பாக இருந்தன. தகட்டின் தோல் அப்படியே ரப்பரில் ஏறியிருந்தது. வரிசையின் கடைசிப் பள்ளம் மட்டும் சுத்தமான உருண்டை. உள்ளே கண்ணாடி மாதிரி பளபளத்தது. அது எதையும் தொட்டுப் பதிந்தது இல்லை. காற்று உட்கார்ந்திருந்த இடம். குமிழி. ரெசின் அந்த ஓட்டைக்குள் போய் நிறைந்து, வெளியே வரும்போது அச்சு அசல் ஒரு ரிவெட்டாக வந்திருக்கிறது, அதுவும் வரிசை பிசகாமல். அங்கே போய் உட்கார அந்தக் குமிழிக்கு என்ன வேண்டுதலோ.

எப்படி வந்தது என்று அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஜனவரிக் குளிர். ரப்பர் வாளி சுவரோரமாக இருந்து பாகு போலக் கெட்டிப்பட்டிருந்தது. எப்போதும் வாளியைக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்து இளக்குவாள். மாஸ்டர் மேல் முதலில் தூரிகையால் மெலிதாக ஒரு பூச்சுப் பூசுவாள், பிறகுதான் ஊற்றுவாள். முதல் அச்சுக்கு அதெல்லாம் முறையாகச் செய்தாள். இரண்டாவதற்கு? கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாலும் தனக்கு வரும் என்ற தைரியம். பூசாமல், இளக்காமல், அப்படியே ஊற்றினாள்.

ஒரு பல்குச்சியின் முனையில் ஒரு சொட்டு ரப்பரைத் தொட்டு அந்த ஓட்டையில் வைத்தால் போதும். காலையில் அது மூடியிருக்கும். இனி வரும் கதவெல்லாம் பன்னிரண்டோடு வரும், கேட்டால் மெர்லின் தப்பைத் தான் சரிசெய்துவிட்டதாகச் சொல்லலாம். எல்லோரும் அவளைப் புகழவும் செய்வார்கள். உத்தமி மாதிரி எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அவள் பல்குச்சியைக் கையில் எடுத்தாள் என்பதுதான் உண்மை. எடுத்து, ரப்பரில் தொட்டு, அச்சுக்கு மேலே கொண்டுபோனாள். ஓஹையோக்காரர்கள் என்ன சொல்வார்கள், ஹார்லன் எப்படிச் சிரிப்பான் என்றெல்லாம் மனதில் ஓடியது. நடுவே மெர்ல் உதடு அசைய எண்ணியது வந்து நின்றது. இரண்டாம் முறை எண்ணும்போது, பன்னிரண்டாக இருந்துவிடக் கூடாதா என்ற கெஞ்சல் அவன் முகத்தில் இருந்தது. அதை அப்போதே பார்த்திருந்தாள். பார்த்தும், தன் பெயர் தப்பித்தது என்றுதான் வீட்டுக்கு வந்தாள்.

"சீ!" என்று உரக்கவே சொன்னாள். பல்குச்சியை ஒடித்துக் கூடையில் போட்டாள்.

தீயணைப்பு நிலையத்தின் பான்கேக் விருந்து என்றால் ஊரே திரளும். சனிக்கிழமை அவள் வண்டியை நிறுத்துவதற்குள் பாதிப்பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். கூடம் முழுக்க வெண்ணெயும் மேப்பிள் பாகும் மணத்தது. வாசலுக்குப் பக்கத்தில் சங்கத்துக்காரர்களின் தானம் மேசை. வேண்டாததை அதில் வைக்கலாம், யார் முதலில் கை வைக்கிறார்களோ அவர்களுக்குச் சொந்தம். விலை கிடையாது, கேள்வி கிடையாது. வைத்தவன் திரும்பக் கேட்பது மட்டும் கூடவே கூடாது. பல வருடங்களுக்கு முன்னால் ஒருத்தன் ஒரு எஞ்சினை வைத்துவிட்டு மனது கேட்காமல் திரும்பக் கேட்டான், அவனை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'திருப்பிக் கொடு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மெர்லின் பெட்டி மேசைமேல் திறந்து கிடந்தது. குறடுகளைக் காணோம், ரம்பங்களைக் காணோம். ஹார்லன் கையில் ஒரு சின்னக் கருவி இருந்தது. தையல் மிஷினின் உதிரிகளை வைத்து மெர்லே செய்த ரிவெட் குத்தி அது. ஒரு அழுத்து, ஒரு ரிவெட். கடையில் எங்கேயும் கிடைக்காது. மெர்ல் சுவரோரமாக நெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் பான்கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தான். ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை.

ஆர்டித் கூடத்தின் நடுவே போய் நின்றாள்.

"எல்லாரும் வாயில இருக்குறத முழுங்கிட்டு இங்க கேளுங்க!"

கரண்டிச் சத்தம் நின்றது. பல் பட்டறைக் குரலாயிற்றே.

"பிப்ரவரி மாசம் இந்த எடத்துல ஹார்லன் ஒரு கதவ எடுத்துப் பதிமூணு ரிவெட்டுன்னான். அவன் எண்ணினது சரி. மாஸ்டர் செஞ்சவனக் கேளுன்னு நான் சொன்னேன். அது தப்பு. மெர்ல் வெச்சது பன்னெண்டு. பதிமூணாவது என்னோடது. ரப்பர் குளுந்து கெட்டியா இருந்துச்சு. பூசணும், பூசல. இளக்கணும், இளக்கல. எனக்கு எல்லாம் வரும்னு ஒரு திமிரு. குமிழி வந்து ஒக்காந்துடுச்சு. இந்தா, ரெண்டு அச்சும் இருக்கு. யாரு வேணாலும் பாத்துக்கலாம்."

"ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னியேம்மா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ரப்பருக்குத் தெரியாதுதான்யா. நான் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. மெர்லின் மேசைக்குப் போய் இரண்டு அச்சுகளையும் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மன்னிச்சுக்கோ மெர்ல்" என்றாள். பழக்கம் இல்லாத வார்த்தை. அதட்டல் மாதிரிதான் வந்தது. "ஒங்கண்ண நான் கெடுத்துட்டேன். அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல."

மெர்ல் கையைத் துடைத்துக்கொண்டான். அச்சுகளை எடுத்துக்கொண்டு ஜன்னலண்டை போனான். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினான். அவன் உதடுகள் அசைந்தன. முதல் அச்சை எண்ணி முடித்து, இரண்டாவதை எண்ணினான். கடைசிப் பள்ளத்தில் நகத்தை வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் அவன் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நெட்டி கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஆர்டித் எல்லோர் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பன்னெண்டுதான் வெச்சிருக்கேன்" என்றான் மெர்ல், ஜன்னலைப் பார்த்தபடியே.

பிறகு திரும்பினான். யாரையும் பார்க்காமல் நேராகத் தானம் மேசைக்கு நடந்தான். ஹார்லன் முன்னால் நின்று கையை நீட்டினான்.

"அது என்னோடது."

ஹார்லன் கையிலிருந்த கருவியைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான். சட்டம் என்றால் உயிரை விடுகிறவன். கூடத்தில் ஒருவர்கூட 'திருப்பிக் கொடு' என்று கத்தவில்லை. மெர்லின் கை நீட்டியபடியே இருந்தது.

ஹார்லன் கொடுத்துவிட்டான்.